செயற்கை மொழிச் சொல்லுக்கு வேர் தேடுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஞாயிறு மாலைகளில் எஸ்பெரான்டோ (பல நாட்டவருக்கும் பொதுமொழியாக ஒருவர் உருவாக்கிய செயற்கை மொழி) கற்றுக்கொடுக்கிறேன். பள்ளியில் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால், எந்தப் பாடத்தைத் தொடங்கினாலும் அது சொல்லாராய்ச்சியில் போய் நின்றுவிடும். காட்பாடி, குடியாத்தம், ஆம்பூர் என்று பல பக்கங்களிலிருந்து மாணவர்கள் வருகிறார்கள். சந்தேகங்கள் மட்டும் ஆண்டுதோறும் ஒன்றேதான். அவர்கள் கேட்டபடியே கேள்விகளைத் தொகுத்திருக்கிறேன். பேச்சு நடையை எழுத்து நடையாக்கியது மட்டும் என் வேலை.

ஐயா, ஒருவர் உட்கார்ந்து எழுதிய மொழிதானே இது? அதில் உள்ள சொல்லுக்கு வரலாறு எப்படி இருக்கும்?

எழுதியவர் வெறுங்கையோடு உட்காரவில்லையே! எஸ்பெரான்டோவை உருவாக்கிய ஜாமென்ஹோஃப் 1859இல் பியாலிஸ்டோக் என்ற ஊரில் பிறந்த கண் மருத்துவர். 1887இல் வார்சாவில் முதல் புத்தகத்தை வெளியிட்டபோது அதில் சுமார் 900 வேர்ச்சொற்களும் 16 இலக்கண விதிகளும் இருந்தன. அந்த வேர்களில் மிகப் பெரும்பாலானவை அவர் காதில் விழுந்த, கண்ணால் படித்த மொழிகளிலிருந்து எடுக்கப்பட்டவை. எடுத்த இடம் ஒன்று, எடுத்தபோது செய்த மாற்றம் ஒன்று, எடுத்தபின் மக்கள் வாயில் அடைந்த மாற்றம் ஒன்று. இந்த மூன்றும் சேர்ந்ததுதான் சொல்லின் வரலாறு.

தமிழ்ச் சொல்லுக்கு வேர் தேடும்போது சாட்சி சொல்ல யாரும் இல்லை. இங்கே பிறந்த ஆண்டு தெரியும், பெற்றவர் பெயர் தெரியும். ஆகவே வேலை எளிது என்று நினைத்துவிட வேண்டாம். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது.

ஒரு சொல்லைக் கையில் கொடுத்தால் முதலில் என்ன செய்வீர்கள்?

பிரிப்பேன். பள்ளியில் பகுபத உறுப்பிலக்கணம் படித்த எவரும் இதைச் செய்யலாம். வேலூர்க்காரர்களுக்கு முதலில் நினைவுக்கு வரும் சொல்லையே எடுத்துக்கொள்வோம்: மருத்துவமனை. எஸ்பெரான்டோவில் ‘மல்ஸனுலேயோ’. மல் என்பது எதிர்மறை முன்னொட்டு. ஸன் என்றால் நலம். உல் என்றால் ஆள். ஏய் என்றால் இடம். ஓ பெயர்ச்சொல் விகுதி. நலம் இல்லாத ஆட்கள் இருக்கும் இடம். பகுதியும் ஒட்டுகளும் விகுதியும் தனித்தனியாக வந்துவிட்டன அல்லவா?

பிரித்தபின் ஒவ்வொரு துண்டுக்கும் தனியே வேர் தேட வேண்டும். ‘ஸன்’ லத்தீனத்து ‘ஸானுஸ்’ என்பதன் வழி வந்தது. முழுச் சொல்லுக்கு லத்தீன் மூலம் தேடினால் கிடைக்காது, ஏனென்றால் முழுச் சொல் எஸ்பெரான்டோவிலேயே பிறந்தது. நன்னூல் சொல்லும் இடுகுறி (காரணம் சொல்ல முடியாத பெயர்), காரணப்பெயர் (காரணம் சொல்ல முடிந்த பெயர்) என்ற பிரிவு இங்கே மிகவும் உதவும். மல்ஸனுலேயோ காரணப்பெயர், ஸன் என்ற துண்டு இந்த மொழிக்குள் இடுகுறி. காரணம் தெரிந்த சொல்லையும் மூலம் தெரிந்த சொல்லையும் குழப்பிக்கொள்வதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு.

‘மல்’ என்றால் பிரெஞ்சில் கெட்டது என்று அர்த்தமாமே? அப்படியானால் அந்தச் சொல்லில் கெட்ட வாடை வரவில்லையா?

வரவில்லை. பிரெஞ்சில் ‘மல்’ என்பதற்குத் தீமை, கேடு என்ற பொருள் உண்டு என்பது சரி. எஸ்பெரான்டோவுக்குள் வந்ததும் அது வெறும் எதிர்ப்பதக் கருவியாகிவிட்டது. ‘போனா’ நல்ல, ‘மல்போனா’ கெட்ட. ‘வர்மா’ சூடான, ‘மல்வர்மா’ குளிர்ந்த. குளிர்ச்சியில் என்ன கேடு இருக்கிறது? வேலூர் மே மாதத்தில் அதைவிட நல்ல சொல்லே கிடையாது. சொல் வந்த இடத்தின் பொருளை, வந்து சேர்ந்த இடத்தின் பொருளாக எடுத்துக்கொள்ளக்கூடாது.

இந்த ஒட்டின் வயதைக் கூட ஓரளவு சொல்லலாம். 1878இல் பள்ளி மாணவராக இருந்தபோதே ஜாமென்ஹோஃப் தன் மொழியின் முதல் வடிவத்தை நண்பர்களோடு கொண்டாடினார். அந்த வடிவத்திலிருந்து நமக்கு எஞ்சியிருப்பது சில வரிகள்தான். அவற்றின் முதல் சொல்லே ‘மலமிகேத்தே’, பகை என்று பொருள். ஆகவே மல் 1887க்கு ஒன்பது ஆண்டு முன்பே இருந்தது.

ஒட்டுகளைச் சேர்த்துச் சேர்த்துச் சொல் உண்டாக்கும் யோசனை அவருக்கு எங்கிருந்து வந்தது?

கடைப் பலகையிலிருந்து. இதை நான் சொல்லவில்லை. நிகோலாய் போரோவ்கோ என்பவருக்கு எழுதிய கடிதத்தில் அவரே சொல்கிறார். பள்ளி நாட்களில் தெருவில் பலமுறை பார்த்த ‘ஷ்வெய்த்ஸார்ஸ்கயா’ (வாயிற்காப்போன் அறை) என்ற ரஷ்யப் பலகையும், பிறகு ‘கொந்தித்தர்ஸ்கயா’ (இனிப்புக் கடை) என்ற பலகையும் அவரை நிறுத்தின. இரண்டின் வாலும் ஒன்று. ஒரு வாலைக் கொண்டு எத்தனையோ சொற்களை ஆக்கலாம், ஒவ்வொன்றையும் தனியாக மனப்பாடம் செய்ய வேண்டாம் என்று அப்போது உறைத்தது.

பழைய பேருந்து நிலையத்திலிருந்து கோட்டை வரை ஒருமுறை பலகைகளைப் படித்துக்கொண்டே நடந்து பாருங்கள். மருந்தகம், உணவகம், அச்சகம், அடகுக்கடைக்குப் பக்கத்தில் ஒரு நகலகம். அந்த ‘அகம்’ செய்யும் வேலையைத்தான் எஸ்பெரான்டோவில் ‘ஏய்’ செய்கிறது. என் மாணவர்களுக்கு இந்த ஒட்டை நான் பலகையில் எழுதிக் கற்றுக்கொடுப்பதில்லை, நடக்கவைத்துக் கற்றுக்கொடுக்கிறேன்.

எந்தெந்த மொழிகளிலிருந்து எடுத்தார்? தமிழ் உண்டா?

தமிழ் இல்லை. ரஷ்யம், இத்திஷ் (கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் பேச்சுமொழி), போலிஷ், ஜெர்மன் அவரைச் சுற்றிப் புழங்கிய மொழிகள். லத்தீன், கிரேக்கம், பிரெஞ்சு படித்தவை. ஹீப்ரு, ஆங்கிலமும் தெரியும். பியாலிஸ்டோக்கில் ஒரே சந்தையில் நான்கு மொழி கேட்கும். இது நமக்குப் புதிதல்ல. சித்தூரிலிருந்து வருபவர் தெலுங்கு பேசுகிறார், மேல்விஷாரத்துக்காரர் வீட்டில் உருது பேசுகிறார், பெரிய மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களில் வங்காள எழுத்துப் பலகைகள் தொங்குகின்றன. மொழி புரியாமல் நோயாளியின் உறவினர் மருந்துச்சீட்டோடு நிற்பதைப் பார்த்தவர்களுக்கு, ஒரு கண் மருத்துவர் ஏன் பொதுமொழி தேடினார் என்பதை விளக்க வேண்டியதில்லை.

எடுத்ததில் லத்தீன் வழி மொழிகளின் பங்கே மிகுதி. ‘ஹுண்டோ’ (நாய்) ஜெர்மனிலிருந்து. ‘பிர்டோ’ (பறவை) ஆங்கிலத்திலிருந்து. ‘கய்’ (உம்) கிரேக்கத்திலிருந்து. ஆம்-இல்லைக் கேள்வியைத் தொடங்கும் ‘ச்சூ’ போலிஷிலிருந்து. 1905இல் வெளியான அடிப்படை நூலில் வேர்களுக்குப் பிரெஞ்சு, ஆங்கிலம், ஜெர்மன், ரஷ்யம், போலிஷ் ஆகிய ஐந்து மொழிகளில் பொருள் தரப்பட்டிருக்கிறது. அந்த ஐந்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே பாதி வேர்கள் புலப்பட்டுவிடும். ஆனால் அது பொருள் பட்டியல்தான். மூலம் இன்னது என்று அது சொல்வதில்லை.

எஸ்பெரான்டோவில் தாத்தா ‘அவோ’, பாட்டி ‘அவீனோ’. எங்கள் வீட்டில் பாட்டியை ‘அவ்வா’ என்கிறோம். இது எப்படித் தற்செயலாக இருக்கும்?

குடியாத்தத்திலிருந்து வரும் தெலுங்கு வீட்டுப் பெண் கேட்டது இது. கேட்டபோது அவள் முகத்தில் இருந்த ஒளியை அணைக்க எனக்கு மனமில்லை. ஆனாலும் தற்செயல்தான். லத்தீனத்தில் தாத்தா ‘அவுஸ்’. அந்தச் சொல் ஜாமென்ஹோஃபுக்குத் தெரியும், ஒலி பொருந்துகிறது, பொருள் அப்படியே பொருந்துகிறது. தெலுங்கு அவருக்குத் தெரியாது. மேலும், ‘அவ்வா’ தானே பெண்பால். ‘அவோ’ தாத்தாவைக் குறித்து, பிறகு ‘இன்’ என்ற பெண்பால் ஒட்டைச் சேர்த்துப் பாட்டியாகிறது. திசையே வேறு.

எந்தச் சொல்லுக்கும் நான் இந்த மூன்றைத்தான் பார்ப்பேன்: ஆக்கியவர் அந்த மொழியை அறிந்திருந்தாரா, ஒலி மாற்றத்துக்கு அதே மொழியில் வேறு சான்றுகள் உண்டா, பொருள் நேராக வந்து சேர்கிறதா. மூன்றும் கூடாத ஒப்புமை, காதுக்கு இனிமையே தவிரச் சான்றாகாது. குறுகிய சொற்களில் இன்னும் எச்சரிக்கை தேவை. ‘நீ’ என்று எஸ்பெரான்டோவில் கேட்டால் அது ‘நாம்’ என்று பொருள்படும். இப்படி ஓரிரு எழுத்துச் சொற்கள் உலகில் எங்கே வேண்டுமானாலும் மோதிக்கொள்ளும்.

அங்கே-எங்கே, அப்போது-எப்போது என்ற அமைப்பு அப்படியே எஸ்பெரான்டோவில் இருக்கிறதே! இதையும் தற்செயல் என்றா சொல்வீர்கள்?

இது நல்ல கேள்வி, ஏனென்றால் இங்கே ஒப்புமை தனிச் சொல்லில் இல்லை, அமைப்பில் இருக்கிறது. ‘தீயே’ அங்கே, ‘கீயே’ எங்கே. ‘தீயம்’ அப்போது, ‘கீயம்’ எப்போது. ‘தீயெல்’ அப்படி, ‘கீயெல்’ எப்படி. ஐந்து தொடக்கங்கள், ஒன்பது முடிவுகள், மொத்தம் 45 சொற்கள். தமிழ்ப் பிள்ளைகள் இந்த அட்டவணையை ஒரே மாலையில் கற்றுவிடுகிறார்கள்.

ஆனாலும் உறவு இல்லை. தமிழில் இ, அ என்று அண்மைக்கும் சேய்மைக்கும் தனித்தனிச் சுட்டுகள் உண்டு. எஸ்பெரான்டோ அட்டவணையில் அண்மைக்கு இடமே இல்லை, ‘ச்சி’ என்ற தனிச்சொல்லைச் சேர்த்துத்தான் ‘இங்கே’ என்று சொல்ல முடியும். நாம் ‘எங்கும்’ என்று உம் சேர்த்துச் சொல்வதற்கு அவர்களிடம் அட்டவணைக்குள்ளேயே தனி வரிசை இருக்கிறது. ஐரோப்பிய மொழிகளில் அரைகுறையாகக் கிடக்கும் ஒழுங்கை அவர் முழுமையாக்கினார். நம் மொழியில் அந்த ஒழுங்கு பிறவியிலேயே இருக்கிறது. இதில் மகிழ்ச்சி அடையலாம், உரிமை கொண்டாட முடியாது.

அப்படியானால் ‘மாங்கோ’, ‘கட்டமரானோ’, ‘கரேயோ’ எல்லாம் எப்படி? இவை தமிழ்தானே?

மாம்பழம், கட்டுமரம், கறி. ஆம், நம் பக்கத்துச் சொற்கள்தான். இங்கேதான் ‘உடனடி மூலம்’, ‘இறுதி மூலம்’ என்ற இரண்டையும் பிரிக்க வேண்டும். மாங்காய் என்ற சொல் போர்த்துக்கீசியர் வாயில் ‘மங்கா’ ஆகி, ஐரோப்பிய மொழிகளில் பரவி, அங்கிருந்து எஸ்பெரான்டோவுக்குப் போனது. உடனடி மூலம் ஐரோப்பியம். இறுதி மூலம் மாங்காய், அல்லது அதன் மலையாள உடன்பிறப்பு. கட்டுமரமும் கறியும் இப்படியே பிற வாய்கள் வழியாகச் சுற்றிக்கொண்டுதான் போயின. முன் கேள்வியில் தமிழ் இல்லை என்று நான் சொன்னது உடனடி மூலத்தைப் பற்றி.

பிரெஞ்சிலிருந்து எடுத்த சொற்களில் சில எழுத்துப்படியும் சில ஒலிப்படியும் இருக்கின்றன. விதி ஏதாவது உண்டா?

இந்தக் கேள்வியைக் கேட்கும் மாணவர் தேறிவிட்டார் என்று பொருள். பிரெஞ்சில் தாகத்தைக் குறிக்கும் சொல்லை ‘ஸ்வாஃப்’ என்று ஒலிப்பார்கள். எழுத்துக்கூட்டிப் படித்தால் ‘ஸோயிஃப்’. எஸ்பெரான்டோவில் ‘ஸோயிஃபோ’, எழுத்துப்படி. நடைபாதைக்குப் பிரெஞ்சில் ‘த்ரோத்வார்’. எழுத்துப்படியானால் ‘த்ரோத்தோயிர்’ என்று வர வேண்டும். ஆனால் எஸ்பெரான்டோவில் ‘த்ரோத்துவாரோ’, ஒலிப்படி. ஒரே ஓ-இ எழுத்துக்கூட்டு, இரண்டு வகை முடிவு.

ரஷ்யத்தைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நடைபாதைக்கு ரஷ்யர்கள் ஏற்கெனவே பிரெஞ்சிலிருந்து ‘த்ரோத்துவார்’ என்று கடன் வாங்கியிருந்தார்கள். முகத்திரைக்கான ‘வுவாலோ’வும் அப்படியே, ரஷ்யத்தில் ‘வுவால்’. தாகத்துக்கு ரஷ்யம் கடன் வாங்கவில்லை. ஆக, ரஷ்யம் வழியாகக் காதில் விழுந்தவை ஒலிப்படியும், புத்தகத்தில் கண்ணால் பார்த்தவை எழுத்துப்படியும் வந்திருக்கின்றன. ஒரு உயிரெழுத்து, அந்த மனிதர் ஒரு சொல்லைக் கேட்டாரா படித்தாரா என்பதைக் காட்டிக்கொடுக்கிறது! நூறு ஆண்டுக்கு முன் மறைந்தவர் தெருவில் நடந்தபோது காதில் விழுந்ததை இங்கே உட்கார்ந்து நாம் கேட்கிறோம். இந்தத் துறையில் என்னைப் பிடித்து வைத்திருப்பது இதுதான்.

ஆங்கிலத்திலும் இதே இரட்டை வழி உண்டு. ‘பிர்டோ’ எழுத்துப்படி, படகைக் குறிக்கும் ‘போவாட்டோ’வும் எழுத்துப்படி. நெருப்பைக் குறிக்கும் ‘ஃபய்ரோ’வோ ஆங்கிலேயர் வாயில் கேட்பதைப் போலிருக்கிறது, ஜெர்மன் சொல்லும் அருகில் நிற்பதால் அதில் நான் அடித்துச் சொல்ல மாட்டேன்.

‘எட்ஸோ’ என்றால் கணவன். இதற்கு எந்த மொழியிலும் மூலம் கிடைக்கவில்லையே?

கிடைக்காது, ஏனென்றால் கணவனைத் தேடுகிறீர்கள். மனைவியைத் தேடுங்கள். ‘எட்ஸீனோ’ என்றால் மனைவி. இதற்கு ஜாமென்ஹோஃப் தந்ததாக வழங்கும் விளக்கம் இது: ஜெர்மனில் பட்டத்து இளவரசி ‘க்ரோன்பிரின்ட்ஸெஸின்’. அதை எஸ்பெரான்டோ உருவில் எழுதினால் ‘க்ரோன்பிரின்ட்ஸெட்ஸீனோ’. ‘க்ரோன்பிரின்ட்ஸ்’ என்றால் பட்டத்து இளவரசன். அவனைக் கழித்துவிட்டால் மீதி ‘எட்ஸீனோ’. அது மனைவி என்றுதானே ஆக வேண்டும்? ஜெர்மனில் என்றும் தனிச்சொல்லாக இருந்திராத ஒரு வால் இப்படி வேர் ஆனது. பிறகு ‘இன்’ என்ற பெண்பால் ஒட்டைக் கழற்றினால் ‘எட்ஸோ’, கணவன். மனைவி முதலில் பிறந்து, கணவன் அவளிடமிருந்து பிறந்தான்.

வேறொரு கருத்தும் உண்டு. இத்திஷில் யூத மதகுருவின் மனைவி ‘ரெபெட்ஸின்’. அந்த வாலும் ஏறக்குறைய இதே ஒலி, பொருளும் ‘மனைவி’ என்பதற்கு இன்னும் நெருக்கம். ஜாமென்ஹோஃப் இத்திஷ் மொழிக்கு இலக்கணமே எழுதியவர். அந்தச் சொல் அவர் காதில் ஒலிக்காமல் இருந்திருக்க முடியாது. என் கணிப்பில், இளவரசி அவர் மனமறிந்து எடுத்த மூலம், மதகுருவின் மனைவி அது சரியென்று காதுக்குத் தோன்றவைத்த மூலம். இரண்டும் ஒன்றையொன்று விலக்க வேண்டியதில்லை.

இந்தப் பின்னோக்கிய ஆக்கம் இன்னொரு சொல்லிலும் உண்டு. ஜெர்மனில் மணமாகாத பெண் ‘ஃப்ராய்லைன்’. எஸ்பெரான்டோவில் ‘ஃப்ரவ்லீனோ’. ‘இன்’னைக் கழற்றினால் ‘ஃப்ரவ்லோ’, மணமாகாத ஆண். ஜெர்மானியருக்கு அப்படி ஒரு சொல்லே கிடையாது.

ஆக்கியவரே சொல்லிவிட்டால் அதற்கு மேல் ஆராய என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது. ஒரு சொல்லை ஆக்கிப் பல ஆண்டு கழித்து ஒருவர் சொல்லும் விளக்கம் நினைவிலிருந்து வருவது. மேலே சொன்னபடி, அறிந்து எடுத்தது வேறு, அறியாமல் காதில் தங்கியது வேறு. அவர் வாக்குமூலத்தை முதல் சான்றாக வைக்க வேண்டும், தீர்ப்பாக வைக்கக்கூடாது.

சொல் ஆக்கியவர் கையை விட்டுப் போய்விடும் என்பதற்கு மொழியின் பெயரே சாட்சி. அவர் வைத்த பெயர் ‘சர்வதேச மொழி’ என்பதுதான். ‘டாக்டர் எஸ்பெரான்டோ’ என்பது புத்தகத்தில் அவர் இட்டுக்கொண்ட புனைபெயர்: ‘எஸ்பெர்’ நம்பிக்கை, ‘அன்ட்’ செய்துகொண்டிருக்கும் நிலை, ‘ஓ’ பெயர் விகுதி, நம்பிக்கொண்டிருப்பவர். மக்கள் அந்த மனிதரின் பெயரை எடுத்து மொழிக்குச் சூட்டிவிட்டார்கள்.

இதற்கென்று அகராதி இருக்கிறதா?

இருக்கிறது. சுவீடனைச் சேர்ந்த எப்பே வில்போர்க் 1989 முதல் 2001 வரை ஐந்து பகுதிகளாக வெளியிட்ட சொற்பிறப்பியல் அகராதி இருக்கிறது. ஒவ்வொரு வேருக்கும் போட்டி மூலங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுவார். அதைத் திறப்பதற்கு முன் நீங்களே ஒரு முறை முயன்று பாருங்கள்.

கணினி மாதிரிப் புதுச் சொற்கள் எப்படி வந்தன?

‘கொம்புத்தீலோ’. கணக்கிடுவதைக் குறிக்கும் வேருடன் கருவியைக் குறிக்கும் ‘ஈல்’ ஒட்டு. வேறு போட்டிச் சொற்களும் இருந்தன. காரணப்பெயராகப் பிரிக்க முடிந்த இதுவே நிலைத்தது. இளைஞர் வழக்கில் ‘மொயோஸா’ என்றால் அருமையான, அட்டகாசமான. ‘புது இளைஞர் பாணி’ என்று பொருள்படும் தொடரின் முதலெழுத்துகள் மூன்றின் பெயர்களைச் சேர்த்து ஒலித்தது அது. ஒட்டுப் பிரித்து வேர் தேடினால் கையில் ஒன்றும் வராது.

இன்னொன்று ‘க்ரொகொதீலி’, சொல்லுக்குச் சொல் ‘முதலையாடுதல்’. எஸ்பெரான்டோ தெரிந்தவர்கள் கூடியிருக்கும்போது தாய்மொழியில் பேசிக்கொண்டிருப்பதைக் குறிக்கும். ஏன் முதலை என்பதற்குக் கதைகள் பல உலவுகின்றன. பிறந்த ஊர் தெரிந்த மொழியிலும் இப்படித் தாய் தகப்பன் தெரியாத சொற்கள் பிறக்கின்றன. இடம் எங்கள் மொட்டை மாடி என்றாலும், வகுப்பு நேரத்தில் தமிழில் பேசினால் என் மாணவர்கள் ஒருவருக்கொருவர் ‘முதலை’ என்று சைகை காட்டிக்கொள்கிறார்கள்.

திரைப்படங்களுக்காக ஆக்கிய மொழிகளிலும் இதே முறை செல்லுமா? நம் ‘பாகுபலி’ படத்துக் கிளிக்கி மாதிரி?

அப்படியே செல்லாது. மதன் கார்க்கி உருவாக்கிய கிளிக்கியில் ‘மின்’ என்றால் நான், ‘நிம்’ என்றால் நீ. ஒன்றைத் திருப்பிப் போட்டால் மற்றது. இதற்கு வெளிமொழியில் மூலம் தேடுவது வீண். காரணம் சொல்லின் வடிவத்துக்குள்ளேயே இருக்கிறது. ‘ஸ்டார் ட்ரெக்’ படங்களுக்காக மார்க் ஓக்ரண்ட் ஆக்கிய கிளிங்கான் மொழியில் மீனுக்கு ‘கோட்டி’. ஆங்கில எழுத்துக்கூட்டின் குழப்பத்தைக் காட்ட, மீன் என்ற ஆங்கிலச் சொல்லை இப்படியும் எழுதலாம் என்று வழங்கும் பழைய புதிர் ஒன்று உண்டு. அந்த எழுத்துக்கூட்டுதான் இந்தச் சொல். புதிர் தெரியாதவர் ஆயுள் முழுதும் தேடினாலும் வேர் கிடைக்காது.

கற்பனைக் கதைகள் எழுதிய டோல்கீன் வழி தனி. அவர் தம் கதைகளில் வரும் எல்வ இனத்தாரின் மொழிகளுக்குக் கற்பனையாகவே ஒரு மூதாதை மொழியை வைத்தார். ‘எலென்’ என்றால் விண்மீன்; அதற்கு அந்த உலகத்துக்குள் ‘எல்’ என்ற ஆதி வேர் உண்டு. கதைக்குள் அதன் வேர் ஒன்று, நம் உலகில் டோல்கீன் மனதில் அது பிறந்த விதம் வேறொன்று. எதைத் தேடுகிறோம் என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ள வேண்டும்.

இவ்வளவு சொல்கிறீர்களே, நம் வேலூருக்கும் ஆற்காட்டுக்கும் இந்த முறையைப் பொருத்திக் காட்டுங்கள் பார்ப்போம்.

வேலூரை முருகன் கை வேலோடு சேர்ப்பவர்கள் உண்டு, வேலமரத்தோடு சேர்ப்பவர்கள் உண்டு. மரத்தின் பெயரால் ஊர் அமைவது தமிழகம் முழுதும் காணும் வழக்கம் என்பதால் நான் மரத்தின் பக்கம் சாய்கிறேன். ஒலி இரண்டுக்கும் சமமாகப் பொருந்துவதால் சாய்வதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

ஆற்காட்டில் பிடி கிடைக்கிறது. ஆறு காடுகள் இருந்ததால் ஆற்காடு என்று பலரும் சொல்வார்கள். ஆறு என்ற எண் மற்றொரு பெயரோடு சேரும்போது பெரும்பாலும் ‘அறு’ என்று குறுகும்: அறுசுவை, அறுபது. ஆறுமுகம் என்று குறுகாமல் நிற்பதும் உண்டு. ஆனால் அங்கே ‘று’ முழுதாக நிற்கிறது. நீர் ஓடும் ஆறாக இருந்தால் ‘ஆற்றுக்காடு’ என்று வர வேண்டும். ஆர் என்பது ஆத்தி மரம், சோழர் சூடிய மாலை. ஆர், காடு இரண்டும் சேர்ந்தால் ‘ஆர்க்காடு’ என்று தடையில்லாமல் வருகிறது. நற்றிணையில் ‘ஆர்க்காடு’ என்றே ஓர் ஊர் வருகிறது. அது பாலாற்றங்கரையில் உள்ள நம் ஊர்தானா என்பது தனி வழக்கு, ஆனால் அந்த வடிவம் பழமையானது என்பதற்கு அது போதும். நம் ஊர்ப் பலகைகளில் வல்லின ‘ற’கரமும் இடையின ‘ர’கரமும் மாறி மாறி எழுதப்பட்டிருப்பதை ராணிப்பேட்டை சாலையில் போகும்போது கவனியுங்கள். அடுத்த ஞாயிறு வரும்போது எது எத்தனை இடத்தில் இருக்கிறது என்று எண்ணிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்.